கொழும்பு நேரமும் வெள்ளி ராத்திரியும்

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் மதகடியில் இருந்தவர்கள்:

நான். வாய்க்கால் லஸ்கர். எட்டாவது பெயில். ஷட்டர் தூக்குவது, இறக்குவது, கரை பார்ப்பது என் வேலை.

ராமையன். நடுமடைச் சங்கத் தலைவர். கூட அவர் ஆட்கள் ஆறு பேர். கையில் ஒன்றும் இல்லை. மண்வெட்டி பைக்கில் இருந்தது.

அஞ்சலை. கடைமடையில் பதினோரு மா சாகுபடி. மூன்று மா ஓர் ஏக்கர். கூட கடைமடை ஆட்கள் பதினான்கு பேர். எல்லார் கையிலும் மண்வெட்டி.

சாதிக்கின் வாப்பா, அதாவது அப்பா. எழுபது தாண்டியவர். அவருக்கும் கடைமடையில் நிலம். வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டு வந்து போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாதிக். அவர் துபாயில் இருந்தார். ஆனாலும் இருந்தார். வாப்பாவின் போனில், வீடியோவில்.

ஓவர்சியர் இல்லை. தகராறு நடக்கும் இடத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

இத்தனை பேருக்கும் நடுவில் ஒரே கேள்வி. இன்றைக்கு என்ன கிழமை?

காலண்டர் வியாழன் என்றது. பாதிப் பேர் வெள்ளி என்றார்கள். அந்த ஒரு கேள்வியில் அஞ்சலையின் வருஷம் தொங்கியது.

எங்கள் லஸ்கர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் படிப்பார்கள் என்று கேட்டார்கள். ஷட்டருக்கு கிரீஸ் போடுவது பற்றி எழுதப் போவதில்லை. அது ஒரு நாளில் கை வந்துவிடும். இந்தக் கிழமை விஷயம் கை வர எனக்குப் பத்து வருஷமும் இரண்டு மெமோவும் ஆயின. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வாய்க்கால் மேல்மடை, நடுமடை, கடைமடை என்று மூன்று பங்கு. கடைமடை அதிராம்பட்டினம் பக்கம், உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் போய் முடிகிறது. தண்ணீர் தாராளமாக ஓடும் மாதத்தில் லஸ்கர் பெயர் யாருக்கும் தெரியாது. குறைந்தால் முறை வைப்பார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அப்போது என் பெயர் எல்லார் வாயிலும் இருக்கும். கூடவே என் அம்மா பெயரும்.

கடைமடை முறை என்றால் மேலே உள்ள மடைகளை மூட வேண்டும். மூடினதைக் கடைமடைக்காரர்களே வந்து காவல் காக்க வேண்டும். காவல் இல்லாத மடை தானாகத் திறந்து கொள்ளும். யாரைக் கேட்டாலும் நண்டு பறித்துவிட்டது என்பார்கள். மண்வெட்டி பிடிக்கிற நண்டு.

ஷட்டரிலிருந்து நடுமடைக்குத் தண்ணீர் போக நாலு மணி நேரம். கடைமடைக்கு ஒன்பது. ஆகவே நான் எத்தனை மணிக்குத் தூக்கினேன் என்று தெரிந்தால் போதும். மற்றதை அவரவர் கணக்குப் போட்டுக் கொள்வார்கள்.

முன்பு மதகுச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். மழை வந்தால் அழிந்தது. மழை வராவிட்டால் யாராவது அழித்தார்கள். பிறகு வாட்ஸ்அப் குரூப் வைத்தார்கள். அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவுமாக நூறு வரும். நடுவே என் ஷட்டர். ஒரு நாள் ஒருவர் தன் மாமியார் இறந்த செய்தியை என் செய்திக்கு நேர் கீழே போட்டார். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. தண்ணீர் வந்தது யாருக்கும் தெரியவில்லை.

சாதிக்தான் இணையத்தில் ஒரு தகவல் பலகை கட்டிக் கொடுத்தார். துபாயில் கம்ப்யூட்டர் வேலை. வாப்பா நிலத்துக்குத் தண்ணீர் வந்ததா என்று அங்கிருந்தே பார்க்க ஆசை. பலகையில் புதுச் செய்தி நான் மட்டும் போடலாம். மற்றவர்கள் அதன் கீழே பதில் எழுதலாம். நான் மணி எழுத வேண்டாம். செய்தி போட்டதும் பலகையே மணி போட்டுக் கொள்ளும். ‘ஷட்டர் தூக்கியாச்சு.’ ‘ஷட்டர் இறக்கியாச்சு.’ இரண்டு வரி. என் படிப்புக்குச் சரியான வேலை.

குறை ஒன்றுதான். துபாயில் கட்டின பலகை துபாய் மணி காட்டியது. நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை ஆறு மணிக்குத் தூக்கினால் நாலரை என்று காட்டும்.

ஒரு வாரத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பலகை நாலரை என்றால் ஆறு. டீக்கடையில் ஒருவர் மணி சொன்னால் மற்றவர் கேட்பார், “பலகை மணியா, கை மணியா?” மூன்று வருஷம் இப்படி ஓடியது. ஒரு சண்டை இல்லை.

பிறகு அலுவலகத்துக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். பலகையைப் படித்த முதல் அதிகாரி அவர்தான். கூட்டத்தில் சொன்னாராம், “ஒரு லஸ்கர் விடியக்காலை நாலரைக்கே ஷட்டர்கிட்ட நிக்கிறார், அவரைப் பாத்துக் கத்துக்குங்க” என்று. கேள்விப்பட்டேன். திருத்தவில்லை. நல்ல பெயர் தானாக வரும்போது மணி பார்ப்பானேன்.

அதே மாதம் மெமோ வந்தது. மாலை ஆறு மணி வரை முறை. நான் ஆறுக்குத்தான் இறக்கினேன். பலகை நாலரை என்றது. முறை முடிய ஒன்றரை மணி நேரம் முன்பே ஷட்டரை இறக்கியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தரவும்.

நல்ல பெயர் வாயோடு வந்தது. மெமோ காகிதத்தில் வந்தது. கவனித்துக் கொள்ளுங்கள்.

சாதிக்குக்குப் போன் போட்டேன்.

“தம்பி, பலகை மணிய நம்ம மணியா மாத்தணும்.”

“உங்ககிட்டயே பாஸ்வேர்டு இருக்குண்ணே. நீங்களே மாத்திடலாம். உள்ள போனா ஊர்ப் பேரா வரும். நம்ம ஊரத் தொட்டா முடிஞ்சுது.”

போனேன். ஊர்ப் பெயர் வரிசையாக வந்தது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். தஞ்சாவூர் இல்லை. சென்னை இல்லை. டெல்லிகூட இல்லை.

“நம்ம ஊரு ஒண்ணும் இல்லயே தம்பி.”

“கல்கத்தா இருக்கும் பாருங்க. அதப் போடுங்க. நான் டூட்டில இருக்கேன், வைக்கிறேன்.”

யோசித்தேன். கல்கத்தா எங்கே, நாம் எங்கே. தேடிக்கொண்டு போகிற வழியில் கொழும்பு வந்தது. வேதாரண்யம் கரையில் நின்றால் எதிர்க்கரை. இதுவாவது பக்கம் என்று கொழும்பைத் தொட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து சாதிக் கேட்டார், “கல்கத்தா போட்டீங்களாண்ணே?”

“கொழும்பு.”

“ஏண்ணே?”

“பக்கம்.”

“ரெண்டும் ஒரே மணிதான். விடுங்க.”

இன்றுவரை அந்தப் பலகை கொழும்பில்தான் ஓடுகிறது. ஒரு நிமிஷம் தப்பவில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

மாற்றியதும் ஒரு செய்தி போட்டேன். ‘பலகை நேரம் சரி செய்யப்பட்டது.’ நாலு வார்த்தை. அலுவலகத் தமிழ். எந்தப் பக்கம் சரி செய்தேன், எத்தனை மணி, என்றிலிருந்து, ஒன்றும் இல்லை. மேல்மடைக்காரர்களுக்கு ஷட்டர் கண்ணுக்கு நேரே தெரியும், பலகையே வேண்டாம். ராமையன் எதையும் நம்பாதவர். எனக்குப் போன் செய்து கேட்டுக் கொண்டார். கடைமடையில் படித்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக் கொண்டார்கள். இதுவரை நாமாகக் கூட்டிக் கொண்டிருந்த ஒன்றரை மணியை லஸ்கர் இப்போது சரி என்று ஒத்துக் கொண்டார் என்று.

அடுத்த கடைமடை முறைக்குக் காலை ஆறு மணிக்குத் தூக்கினேன். பலகை ஆறு என்றது. அஞ்சலை வழக்கம் போல ஒன்றரையைக் கூட்டினார். ஏழரை. அதோடு நாலு மணி நேரம். பதினொன்றரைக்கு ஆட்களோடு நடுமடையில் காவலுக்கு வந்து நின்றார். தண்ணீர் பத்து மணிக்கே வந்துவிட்டது. நடுவில் ஒன்றரை மணி நேரம் நண்டுகள் வேலை செய்தன.

மிச்சத் தண்ணீர் கடைமடைக்குப் போனது. அஞ்சலையின் நிலத்தில் மற்ற வயல் எல்லாம் நனைந்தது. மேட்டு வயல் ஒன்றுக்கு மட்டும் ஏறவில்லை.

அந்த நிலத்தில் அவர் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது பட்டா அஞ்சலை பெயரில். வருஷத்துக்கு ஒரே போகம், சம்பா. அது போனால் அந்த வருஷம் போனது. மறுநாள் பஸ் பிடித்து ஷட்டருக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“லஸ்கர் அண்ணே, பலகை மணிய மாத்தினீங்களா?”

“சரி பண்ணினேன்.”

“எங்களுக்குச் சரியாத்தானே இருந்துச்சு.”

கொடுத்த தண்ணீரைத் தள்ளி வைத்தார்.

“மூணு வருஷமா அது தப்பு மணி காட்டுச்சு. நாங்க ஒரு நாள் தவறல. நீங்க சரி பண்ணின மொத நாளே தவறிட்டோம். மேட்டு வயலு வாயத் தொறந்து கிடக்கு. வந்து பாக்குறீங்களா?”

“ஷட்டர விட்டு வர முடியாதும்மா.”

“மணிய மட்டும் இங்கேருந்தே மாத்த முடியுது.”

போயிருக்கலாம். போகவில்லை.

கோணலாக நிற்கிற முளைக்குச்சியைக் கண்டால் நிமிர்த்தத் தோன்றும். நிமிர்த்துவதற்கு முன்னால் அதில் யார் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இவ்வளவுதான் அதில் எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்து கொண்டேன் என்று நினைத்ததும் அடுத்த தப்பைச் செய்தேன். மணியால்தானே வம்பு, இனி மணியே எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கடைசி முறை வந்தது. அணையில் ஆற்றுத் தண்ணீரை அடைக்கிற சமயம். அலுவலகம் கொடுத்த கணக்குப்படி நடுமடைக்கு வெள்ளி மாலை வரை. கடைமடைக்கு வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வரை. சனி மாலை ஆற்றை அடைத்துவிடுவார்கள். கடைமடையை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள். பெயரே அப்படித்தானே.

முன்கூட்டியே பலகையில் போட்டேன். ‘கடைமடை முறை வெள்ளி ராத்திரி ஆரம்பம்.’ தேதி போடுகிற கட்டம் ஒன்று இருந்தது. அதையும் விட்டேன். மணி இல்லை, எண்ணே இல்லை. துபாயும் இல்லை, கொழும்பும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

நான் திருவிடைமருதூர்ப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் வெள்ளி ராத்திரி என்றால் வெள்ளிக்கிழமை பகல் முடிந்து வருகிற ராத்திரி. இதில் வேறு மாதிரி இருக்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. அதிராம்பட்டினம் பக்கத்துப் பாய்மார் வீடுகளில் ராத்திரி முதலில் வரும், பகல் பின்னால் வரும். வியாழக்கிழமை பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் வெள்ளி பிறந்தாயிற்று. அந்த ராத்திரிதான் வெள்ளி ராத்திரி. அவர்களோடு தலைமுறையாக வயல் வேலை பார்த்த அஞ்சலை வீட்டுப் பேச்சும் அதேதான். பத்து வருஷம் அந்த வாய்க்காலில் இருந்தேன். எத்தனையோ பேரிடம் மணி கேட்டிருக்கிறேன். யாரிடமும் கிழமை கேட்டதில்லை.

வியாழன் சாயங்காலம் கடைமடை ஆட்கள் வந்து நடுமடையின் மடைகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தார்கள். மூன்றாவது மடையில் ராமையன் பார்த்தார். அங்கே கூச்சல் போட்டு, பிறகு எல்லாருமாக ஷட்டருக்கு வந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்ட ஷட்டரை இன்னும் ஓர் அடி தூக்க வேண்டும். அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது.

“என்னம்மா அஞ்சல, எங்க மடைய எதுக்கு மூடுறீங்க? எங்க முறை இன்னும் ஒரு நாள் இருக்கு” என்றார் ராமையன்.

“பாங்கு சொன்னதோட உங்க முறை முடிஞ்சுதுண்ணே. பலகையப் பாருங்க. வெள்ளி ராத்திரி.”

“இன்னிக்கு வியாழக்கெழம.”

“பகல் வியாழன். ராத்திரி வெள்ளி.”

“பகலுக்கு ஒரு கெழம, ராத்திரிக்கு ஒரு கெழமயா? எங்க வீட்டுக் காலண்டர்ல ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் இருக்கு.”

ராமையன் ஆள் ஒருவர் சொன்னார், “விட்டா நாளைக்கு மத்தியானமே சனிக்கெழமம்பாங்க.”

வாப்பா நாற்காலியில் இருந்தபடி கையைத் தூக்கினார். “இல்ல தம்பி. நான் பொறந்ததே வெள்ளி ராத்திரிதான். எங்க உம்மா சொன்னது. உங்க கணக்குல அது வியாழன். அதுக்காக நான் ரெண்டு தடவ பொறக்கல.”

“நீங்க எப்ப வேணாலும் பொறந்துக்குங்க வாப்பா. நாங்க கேக்கல. தண்ணி எங்களுது” என்றார் ராமையன்.

போனிலிருந்து சாதிக் குரல் வந்தது. “லஸ்கர் அண்ணே, தேதி போடுற கட்டம் ஒண்ணு வச்சிருந்தேனே.”

“இருக்கு.”

“போட்டிருக்கலாமே.”

“போட்டிருக்கலாம்.”

“தேதி போட்டாலும் கொழும்புத் தேதிதான் போடுவாரு” என்றார் ஒருவர். கொழும்புக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிங்க. போன முறை மணி, இந்த முறை கெழம. என் பயிருக்கு ரெண்டும் தெரியாதுண்ணே. கருது பால் பிடிக்கிற நேரம். இன்னிக்கித் தண்ணி ஏறலன்னா பதரு. நாளைக்கு எங்க தெருவுல கல்யாணம். காவலுக்கு ஒரு ஆளு வராது. இன்னிக்கு இருக்காங்க பதினாலு பேரு.”

ஓவர்சியருக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் இருந்தார்.

“பலகைல என்னய்யா போட்டிருக்கு?”

“வெள்ளி ராத்திரி சார்.”

“அப்புறம் என்ன குழப்பம். போட்டிருக்கிறபடி செய்யி.” வைத்துவிட்டார்.

இது உத்தரவு. இரண்டு அர்த்தம் உள்ள உத்தரவு. இப்படி ஒன்று கிடைத்தால் திரும்பக் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள். கேட்டால் ஓர் அர்த்தம்தான் மிஞ்சும். அது எப்போதும் கடைமடைக்கு எதிரான அர்த்தமாக இருக்கும்.

ஷட்டருக்கு மேல்பக்கம் போய் அளவுக் கட்டையைப் பார்த்தேன். காலையில் பார்த்ததைவிட ஒரு சாண் இறங்கியிருந்தது. சனி மாலைதான் அடைப்பு என்பது காகிதம். தண்ணீர் வேறு சொன்னது. மேலே இப்போதே குறைக்கிறார்கள். அப்படியானால் நாளை சாயங்காலத்துக்குத் தண்ணீர் இருக்குமா என்பது சந்தேகம். அது இல்லாமல் போனால் நடுமடைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மூன்று நாளாகப் பாய்ந்த வயல். நாங்கள் நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்துத் தவளைச் சத்தம் கேட்டது. கடைமடைக்கு எல்லாம் போய்விடும்.

ஒரு சாண் இறங்கியதை ராமையனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பிடியை விட மாட்டார். யாரும் விட மாட்டார்கள். அது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்னும் எனக்குத் தெரியாது.

“நடுமடை பாக்கிய நாளைக்குச் சாயங்காலத்திலேருந்து எடுத்துக்கங்க. இன்னிக்கு அவங்க எடுக்கட்டும்” என்றேன்.

ராமையன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். “லஸ்கரே, நான் விட்டேன்னு வைங்க. நாளைக்கு என் ஆளுங்க என்ன சொல்வாங்க? தலைவரு பயந்துட்டாருன்னு சொல்வாங்க. யார் தப்புன்னு மொதல்ல எழுதுங்க. பலகைல எழுதுங்க. உலகம் பாக்கட்டும்.”

அவருக்கு வேண்டியது அதுதான். தண்ணீர்கூட இல்லை.

அரசாங்க வேலையில் தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுப்பவன் யாரும் இல்லை. வாயால் ஒத்துக் கொள்ளலாம். எழுத்தில் வந்தால் அது பைல். ஓய்வுக்கு எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. மதகுச் சுவரில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எழுத்து ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பதினான்கு மண்வெட்டி.

‘கிழமைக் குழப்பம் லஸ்கர் தவறு. கடைமடை முறை இப்போது ஆரம்பம். நடுமடை பாக்கி நாளை மாலை தொடரும். நடுமடைத் தலைவர் ஒப்புதல் தந்தார்.’

கீழே பலகை தானாகப் போட்டுக் கொண்டது. வியாழன், மாலை 6.52.

ராமையன் தன் போனில் இரண்டு தடவை படித்தார். “ஒப்புதல்னு போட்டுட்டீங்க. நான் இன்னும் ஒத்துக்கலயே.”

“ஏறிடுச்சு. அழிக்கத் தெரியாது எனக்கு.”

“கொழும்புக்கு மாத்தத் தெரியுது. அழிக்கத் தெரியலயா?”

நான் சாவியை எடுத்தேன்.

“நாளைக்குப் பொழுது சாஞ்சதும் எங்க தண்ணி. எங்க கெழமப்படி” என்றார்.

“உங்க கெழமப்படி.”

அவரே பைக்கில் போய் மிச்ச மடைகளை மண் வைத்து மூடினார். அவர் மூடின மடைக்கு நண்டு வராது. நான் ஷட்டரை ஓர் அடி தூக்கினேன். விடிவதற்குள் கடைமடைக்குத் தண்ணீர் போய்விட்டது. சாதிக் துபாயிலிருந்து பலகையில் கீழே எழுதினார், ‘வாப்பா நிலம் நனைந்தது.’

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலே ஆற்றை அடைத்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. அடைப்பு முன்னதாக என்கிற காகிதம் சனிக்கிழமைதான் எங்களுக்கு வந்தது. வெள்ளி சாயங்காலம், அதாவது என் ஊர்க் கணக்குப்படி வெள்ளி ராத்திரி ஆரம்பிக்கிற நேரத்தில், ஷட்டருக்கு முன்னால் கெண்டைக்கால் அளவு தண்ணீர் நின்றது. கொக்கு வந்து நின்றது. நான் நினைத்து எழுதின வெள்ளி ராத்திரி அதுதான்.

ராமையனும் வந்து நின்றார்.

“அளவு எறங்குனது நேத்தே தெரியுமா உங்களுக்கு?”

“ஒரு சாண் தெரியும்.”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா மூடியிருப்பீங்களா?”

கொக்கைப் பார்த்துக் கொண்டு யோசித்தார். நேர்மையான ஆள். “மாட்டேன்” என்றார். பைக்கை எடுத்துக் கொண்டு போனார். அதன்பின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் பலகையில் எழுதினார்.

இரண்டாவது மெமோ வந்தது. இருபத்து நாலு மணி நேரம் முன்னதாகக் கடைமடைக்கு ஷட்டரைத் தூக்கியது ஏன்? விளக்கம் எழுதினேன். ‘ஓவர்சியர் ஐயா பலகையில் உள்ளபடி செய்யச் சொன்னார். பலகையில் வெள்ளி ராத்திரி என்று இருந்தது. செய்தேன்.’ பதில் வரவில்லை. ஒன்றரை மணிக்கு ஒரு மெமோ, இருபத்து நாலு மணிக்கு ஒரு மெமோ. இரண்டும் என் பைலில் பத்திரமாக இருக்கின்றன. நாலரைக்கு வேலைக்கு வருகிறவன் என்ற பாராட்டு எந்தப் பைலிலும் இல்லை.

சாதிக் பலகையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். ராத்திரி என்று எழுதினால் பலகை நிறுத்திக் கேட்கும், ‘எந்த ராத்திரி?’ இப்போது உங்களிடமும் கேட்கும். எரிச்சலாக இருக்கும். பதில் சொல்லிவிட்டுப் போங்கள். அதோடு விடாதீர்கள். பலகையில் போடுவது பாதி வேலை. கடைசியில் இருக்கிற ஆளுக்குப் போன் செய்து, “என்ன புரிஞ்சுது?” என்று கேட்பது மீதி. புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

அறுவடை அன்று கடைமடைக்குப் போனேன். ஷட்டரை விட்டு வர முடியாது என்று சொல்ல அப்போது காரணம் இல்லை. ஆறு காய்ந்து கிடந்தது. அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை வரப்பில் நின்றார்.

“வாங்கண்ணே. இன்னிக்கித்தான் வழி தெரிஞ்சுதா?”

“விளைச்சல் எப்படி?”

“கருது முத்திடுச்சு. அந்த ஒரு ராத்திரித் தண்ணிலதான். வாப்பா ஊரெல்லாம் சொல்றாரு, வெள்ளி ராத்திரி பரக்கத்துன்னு, அல்லா குடுத்த அருள்னு. நீங்க எழுதுனதுலயே அந்த ஒரு தப்புதான் உருப்படியாச்சு.”

மிஷின் வளைந்து திரும்பியது. மேட்டு வயலுக்குள் போகவில்லை. அங்கே பயிர் வெள்ளையாக நின்றது. கருது நிமிர்ந்து நின்றது, உள்ளே ஒன்றும் இல்லாததால். பிந்தி வந்த தண்ணீர் அதற்கு உதவவில்லை. நான் மணியைச் சரி செய்த முறையில் தவறின வயல் அது. மூன்று ஆடு மேய்ந்து கொண்டிருந்தன.

கிட்டப் போய் ஒரு கருதைப் பறித்து நசுக்கினேன். உமிதான். அஞ்சலை பின்னாலேயே வந்து நின்றார்.

“இது எத்தன மா?” என்று கேட்டேன்.

“ஒன்றரை.”